நேரம் குறித்த நோட்டு

"ஜூன் 3, செவ்வாய். மாலை 6.42. சிவப்பு விளக்கு. நான்கு நிமிடம்."

"ஜூன் 4, புதன். இரவு 7.15 முதல் 7.50 வரை விட்டு விட்டு. விளக்குகள் எல்லாம் பச்சை."

2025-இல் ஒரு நாற்பது பக்க நோட்டில் நான் எழுதிய முதல் இரண்டு வரிகள் இவை. வீட்டு இணையம் அறுபடும்போதெல்லாம் நேரத்தைக் குறித்து வைப்பது என்று அன்றுதான் முடிவு செய்தேன். அதற்கு முந்தைய நான்கு மாதங்களாக நான் செய்ததெல்லாம் இணையப் பெட்டியை அணைத்துப் போட்டது, சேவை எண்ணுக்குப் போன் செய்தது, மனம் வெந்தது, அவ்வளவுதான்.

நான் வீட்டிலிருந்தே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மாலை 6.30-க்கு ஆரம்பித்தால் ஒன்பது, ஒன்பதரை வரை வகுப்பு. பாதிப் பிள்ளைகள் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்ந்தவர்கள். மீதிப் பேரின் பெற்றோர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். மஸ்கட்டிலிருந்து ஒரு பெண் படிக்கிறாள். பல மாதங்களாக வாயே திறக்காமல், கேட்டால் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வர்க்கப் பூர்த்தி முறையை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, "மிஸ், இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்றாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். இணைப்பு போய்விட்டது. திரும்ப வந்து, "எந்த இடம் அம்மா?" என்று கேட்டபோது, "பரவாயில்லை மிஸ்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் 'பரவாயில்லை' எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் நோட்டை எடுத்தேன்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: வைஃபை பரப்பும் ரூட்டர் பழையது, மாற்றிவிடுங்கள். மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் சொன்ன அன்றே மாற்றியிருந்தால் என் சிரமத்தில் பாதி அப்படியே இருந்திருக்கும், காசும் போயிருக்கும். எங்கே அறுபடுகிறது என்று தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சேவை எண்ணில் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, பெட்டியை அணைத்துப் பத்து விநாடி கழித்துப் போடுங்கள் என்பது. போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். அணைத்துப் போடும்போது ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடந்துவிடுகின்றன. சூடேறியிருந்த பெட்டி கொஞ்சம் ஆறுகிறது. இணைய நிறுவனத்தின் கணினியிடம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லிப் புதிதாக உள்ளே நுழைகிறது. வைஃபை தன் அலை போகும் தடமாக வேறொரு சேனலைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. நினைவகத்தில் சேர்ந்திருந்த குப்பை காலியாகிறது. இதில் எது நம் நோயைத் தீர்த்தது என்று தெரியவே தெரியாது. காய்ச்சலுக்கு நான்கு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கிய மாதிரி. ஆகவே அறுபட்டவுடன் பெட்டியைத் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். முதலில் விளக்குகளைப் பார்க்க வேண்டும், நேரத்தை எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

எங்கள் வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய திருநெல்வேலி வீடு. அகலம் குறைவு, நீளம் அதிகம். தார்சா, பட்டாசல் என்ற கூடம், இரண்டாங்கட்டு, அதை அடுத்து ஒரு காலத்தில் நெல் கொட்டி வைத்திருந்த அறை, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சுவர்கள் ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக் கனம். ஃபைபர் வயர் தெருக் கம்பத்திலிருந்து பட்டாசலுக்குள் வருகிறது. இணையப் பெட்டி அங்கே இருக்கிறது. நான் வகுப்பு எடுப்பது நெல் அறையில்.

அந்தப் பெட்டியை எல்லாரும் மோடம் என்றே சொல்கிறோம். ஃபைபர் இணைப்பில் அதற்கு ஓஎன்டி என்று பெயர். கண்ணாடி இழை வழியாக வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதன் முதல் வேலை. வைஃபை பரப்புவது இரண்டாவது வேலை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால்தான் குழப்பம். போனில் படம் நின்றுவிட்டால், நின்றது ஒளியா வைஃபையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடிவதில்லை.

சொல்ல வைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விளக்குகள். ஓஎன்டியில் பான் என்று எழுதிய விளக்கு பச்சையாக அசையாமல் எரிந்தால் ஒளி வருகிறது. எல்ஓஎஸ் என்று எழுதியது சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை, அல்லது போதவில்லை. இரண்டாவது வழி பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. மடிக்கணினியை வைஃபையில் இல்லாமல் கேபிள் மூலம் பெட்டியில் செருகி, கட்டளைச் சாளரங்கள் இரண்டைத் திறந்துவைத்தேன். ஒன்றில் பெட்டியின் சொந்த முகவரியான 192.168.1.1-க்கு இடைவிடாமல் பிங். மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8-க்கு. போனில் ஒரு செயலி வைத்து அங்கிருந்தும் இதே இரண்டு முகவரிகளுக்கு. போனிலிருந்து பெட்டிக்கே பதில் வராவிட்டால் கோளாறு வைஃபையில். கேபிள் வழியாகப் பெட்டிக்குப் பதில் வந்து 8.8.8.8-க்கு வராவிட்டால் கோளாறு பெட்டிக்கு அப்பால். எண்ணுக்குப் பதில் வந்தும் தளங்களின் பெயரைத் தட்டினால் மட்டும் திறக்காவிட்டால் அது பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் கோளாறு. பெட்டியின் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பார்க்கலாம். அந்த மூன்றாவது வகை எனக்கு ஒரே ஒரு நாள்தான் வந்தது.

மூன்று வாரத்தில் ஏழு பக்கம் நிறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, சிவப்பு விளக்கு வரிகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: எனக்கு இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. சிவப்பு விளக்குக் கோளாறு சில நிமிடங்களே நீடிக்கிறது, வீடு முழுவதும் போய்விடுகிறது. மற்றது ஏறக்குறைய எல்லா நாளும் இரவு ஏழு மணிக்கு மேல் வருகிறது. நெல் அறையில் மட்டும்தான் படுத்துகிறது, விளக்குகள் பச்சையாகவே இருக்கின்றன. இரண்டும் என் வகுப்பு நேரத்தில் வந்ததால் நான் இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன்.

சிவப்பு வரிகளைத் தனியாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஜூன் 3, 6, 10, 13, 17, 20. எல்லாம் செவ்வாயும் வெள்ளியும். நேரம் 6.35-க்கும் 6.45-க்கும் நடுவில். காற்று, மழை, மின்தடை எதுவும் கிழமை பார்த்து வராது. செவ்வாய், வெள்ளி மாலை 6.40-க்கு எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? என் அத்தை ஆயிரத்தம்மன் கோயிலுக்குக் கிளம்புகிறார். கிளம்புவதற்கு முன் பட்டாசலில் இருக்கும் இரும்பு பீரோவைத் திறந்து, கோயிலுக்கென்று வைத்திருக்கும் சின்னப் பையை எடுப்பார். அந்தப் பீரோவின் கதவு பல வருடங்களாகச் சரியாகச் சேர்வதில்லை. பிடித்து வெடுக்கென்று இழுத்தால்தான் திறக்கும். அப்போது பீரோ முழுவதும் பின்னால் ஒரு முறை சாய்ந்து சுவரில் இடிக்கும். பீரோவுக்குப் பின்னால்தான் ஃபைபர் வயர் சுவர்ப் பெட்டியிலிருந்து ஓஎன்டிக்கு ஏறுகிறது.

ஜூன் 27, வெள்ளி. வகுப்பை ஏழு மணிக்குத் தள்ளி வைத்துவிட்டு, மடிக்கணினியோடு பட்டாசலில் உட்கார்ந்தேன். ஓஎன்டியின் உள் பக்கத்தில், 192.168.1.1 என்று தட்டி நுழைந்தால், வந்து சேரும் ஒளியின் அளவு ஓர் எண்ணாகக் காட்டப்படும். பெரும்பாலான பெட்டிகளில் நிலவரப் பக்கத்தில் இது உண்டு. அன்று மைனஸ் 26.3 என்று இருந்தது. "அத்தை, பீரோவைத் திறங்கள்" என்றேன். "நான் திறப்பதற்கும் உன் கணக்கு வகுப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுக்கொண்டே திறந்தார். பக்கத்தைப் புதுப்பித்தேன். மைனஸ் 30-க்கும் கீழே. சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. அத்தை விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். "இத்தனை நாளும் நானா?" என்று கேட்டபோது அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்குத் தாங்கவில்லை. வயரை அங்கே திணித்துவிட்டுப் போனது அவர் இல்லையே.

அந்த மைனஸ் எண்ணைப் பற்றிக் கணக்கு ஆசிரியையாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலகு டிபிஎம். ஒரு மில்லிவாட் என்பது பூஜ்யம். அதிலிருந்து 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூற்றில் ஒரு பங்கு. 3 குறைந்தால் ஏறக்குறைய பாதி. மடக்கை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இப்போது இதைத்தான் காட்டுகிறேன். நிறுவனத்தின் நிலையத்திலிருந்து கிளம்பும் ஒளியை வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு கருவி பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. எட்டு வீட்டுக்குப் பிரித்தால் எட்டில் ஒரு பங்கு, அதாவது இந்த அளவில் 9 குறைவு. இழைகளின் இணைப்புகளில் போகும் இழப்பையும் சேர்த்தால் நடைமுறையில் பத்துக்கு மேல். வழியெங்கும் இப்படிக் குறைந்து வீட்டுக்கு வரும்போது மைனஸ் 18, மைனஸ் 22 என்று இருப்பது சாதாரணம். மைனஸ் 27-ஐத் தாண்டிக் கீழே போனால் பெட்டி தடுமாறத் தொடங்கும். எங்கள் வீட்டில் மைனஸ் 26.3 என்பது வரப்பின் விளிம்பில் நடப்பது மாதிரி. பீரோ லேசாக இடித்தாலே போதும், விழுந்துவிடும்.

பீரோ இடித்து இழை வளைந்தால் ஒளி ஏன் குறைகிறது? கண்ணாடியின் உட்சுவரில் முழு அகப் பிரதிபலிப்பாகித்தான் ஒளி உள்ளேயே ஓடுகிறது. வளைவு மிகக் கூர்மையாகிவிட்டால் ஒளியில் ஒரு பகுதி சுவரைத் துளைத்து வெளியே கசிந்துவிடுகிறது. அலைநீளம் அதிகமானால் கசிவும் அதிகம். நம் வீட்டு இணைப்புகளில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் கீழே இறங்கி வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், நம் வீட்டிலிருந்து மேலே போவது 1310. அதனால் வளைவு முதலில் பாதிப்பது நமக்கு வந்து சேர வேண்டிய ஒளியைத்தான்.

திங்கட்கிழமை லைன்மேன் தம்பி வந்தார். அதற்கு முன் மூன்று முறை நான் கொடுத்த புகார்களை, யாரும் வராமலேயே 'தீர்க்கப்பட்டது' என்று முடித்திருந்தார்கள். இந்த முறை நோட்டின் பக்கங்களையும் பீரோ சோதனையின் இரண்டு எண்களையும் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அவர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் நோட்டைத்தான் கேட்டார். நின்றபடியே புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லா வீட்டிலும் இப்படி எழுதிவைத்தால் நான் சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றார். கம்பத்தின் மேலும் மாடியின் மேலும் வெயிலில் ஏறி இறங்கும் மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பீரோவை இருவரும் சேர்ந்து ஒரு முழம் முன்னால் நகர்த்தினோம். அவர் ஓஎன்டியிலிருந்து பச்சை முனையைக் கழற்றி, பேனா போன்ற ஒரு கருவியை அதில் செருகி, பட்டாசல் விளக்கை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். பீரோவுக்குப் பின்னால், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மஞ்சள் வயரின் மடிப்பில் ஒரு சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தது. திரி அணைந்த பிறகும் கங்கு இருக்குமே, அந்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாமல் இத்தனை மாதம் ஒளி சிந்திக்கொண்டிருந்த இடம் அது. அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். லைன்மேன் தம்பி புது வயர் போட்டு, உள்ளங்கை அகல வளையமாகத் தளர்வாகச் சுற்றி, ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். எண் மைனஸ் 19.8. கழற்றிய ஃபைபரின் முனையை யாரும் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது லேசர்.

சிவப்பு வரிகள் அன்றோடு நின்றன. பச்சை வரிகள் நிற்கவில்லை.

வைஃபை கோளாறு இதைவிட நிதானமாகப் பார்க்க வேண்டியது. எங்கள் ஓஎன்டி பழையது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் உள்ளது. போனில் வைஃபை அலசும் செயலியைப் போட்டு இரவு எட்டு மணிக்கு நெல் அறையில் நின்று பார்த்தால் பதினேழு பெயர்கள் தெரிந்தன. காலை பத்து மணிக்கும் பெயர்கள் அதேதான், ஆனால் அப்போது யாரும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. ராத்திரி எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் டிவியும் போனும் ஓடுகின்றன. வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டு, இல்லையென்றால்தான் ஆரம்பிக்கும். அக்கம்பக்கத்தார் கூட்டம் கூடினால் நம் முறை வருவதற்குத் தாமதமாகிறது. குரலும் படமும் நேரலையாகப் போகும் வகுப்புக்கு அந்தத் தாமதமே போதும்.

2.4-இல் சேனல்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள், ஆனால் அவை தனித்தனி அறைகள் இல்லை. ஒன்றாவது சேனலின் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ், அடுத்தது 2417 என்று ஐந்து ஐந்தாக ஏறும். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் அகலமோ 20. ஆகவே 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றையொன்று மோதாமல் இருக்கும். எங்கள் பெட்டி 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஆறாம் சேனலில் உட்கார்ந்திருந்தது. அப்படி உட்கார்ந்தால் தெருவில் பாதிப் பேரோடு மோதல். அகலத்தை 20-ஆகக் குறைத்து, கூட்டம் குறைந்த ஒன்றாம் சேனலில் நிலையாக வைத்தேன். வேகம் எண்ணளவில் குறைந்தது, அறுபடுவதும் குறைந்தது. செலவே இல்லாத இந்த மாற்றத்தை எல்லாரும் முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பேன். எனக்கு அது முழுதாகப் போதவில்லை. பட்டாசலுக்கும் நெல் அறைக்கும் நடுவில் இரண்டு ஒன்றரை அடிச் சுவர்கள் இருக்கின்றன. அலை அங்கே போய்ச் சேரும்போதே களைத்துவிடுகிறது. ஓஎன்டி பீரோவின் தலையில் இருந்ததும் தவறு. இரும்பு ரேடியோ அலையைத் தடுத்துத் திருப்பிவிடும், நிலைக்கண்ணாடியின் ரசப் பூச்சும் அப்படித்தான். இறக்கி வேறு இடத்தில் மாட்டியதில் கொஞ்சம் தேறியது.

அதே வாரத்தில் எதிர்வீட்டு அண்ணனும் தன் இணையம் அறுபடுகிறது என்று வந்தார். அவர் ரூட்டரின் நிலவரப் பக்கத்தில், எத்தனை நேரமாக இயங்குகிறது என்று காட்டும் வரியைப் பார்த்தோம். காலையிலிருந்து அணைக்கவே இல்லை என்று அவர் சொன்ன ரூட்டர் நாற்பது நிமிடமாகத்தான் இயங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அது தானாகவே அணைந்து மீண்டும் எழுந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனின் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் 12 வோல்ட் வர வேண்டிய அடாப்டரில் 10-க்கும் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வற்றிப்போனால் இப்படி ஆகும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், முனையின் அளவும் துருவமும் பொருந்துகிற மாதிரி ஒரு புது அடாப்டர் போட்டதோடு அவர் பிரச்சினை முடிந்தது. அவர் வாங்க நினைத்திருந்த ரூட்டரை வாங்கவில்லை.

எனக்கு ரூட்டர் வேண்டியிருந்தது, ஆனால் எதற்கு என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது: நெல் அறைக்கு அருகில், நெரிசல் இல்லாத 5 கிகாஹெர்ட்ஸில் அலை பரப்புவதற்கு. இந்த அலைவரிசையில் சேனல்கள் அதிகம். 2018 அக்டோபரில் நம் நாட்டில் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். கனத்த சுவரில் 2.4-ஐவிட இது சீக்கிரம் அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அதே காரணத்தால் பக்கத்து வீட்டு அலை நம் வீட்டுக்குள் வருவதும் குறைவு.

ஜூலை 12, சனிக்கிழமை வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ஆறு ஆன்டெனா உள்ள ஒரு பெட்டி. ஆன்டெனாவின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். நம் போன்களில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். அடுத்தது ஏசி 1200 என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த ஒன்று. அந்த எண் 2.4-இல் 300-ஐயும் 5-இல் 867-ஐயும் கூட்டி, முழுமையாக்கிப் போட்டது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும், ஆகவே கூட்டுத்தொகை யாருக்கும் கிடைக்காது. அந்தப் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்தேன்: கேபிள் செருகும் வாய்கள் எல்லாம் 100 எம்பிபிஎஸ். வைஃபை எவ்வளவு வேகம் போனாலும் உள்ளே வரும் வாய் 100-க்கு மேல் விடாது. நாங்கள் மாதாமாதம் பணம் கட்டுவது 150 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு. முன்பக்கத்தில் ஆயிரத்து இருநூறு என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் நூறு என்று சிறிதாகப் போடுவது வாங்குகிறவரை மதிக்காத செயல். எனக்குக் கோபம் வந்தது, கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

எடுத்ததும் நான் கேட்டவை சிலதான். வாய்கள் கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸா? வைஃபை 6 உண்டா? கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்புவதை மட்டும் செய்யும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைக்கலாமா? தயாரித்த நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்புகளை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அங்கேயே போனில் நிறுவனத்தின் தளத்தைத் திறந்து, அந்த மாடலின் கடைசிப் புதுப்பிப்பு எந்த மாதம் வந்தது என்று பார்த்தேன். வீட்டின் எல்லாப் போனும் வங்கிக் கணக்கும் போய் வருகிற வாசல் அது. புதுப்பிப்பு நின்றுபோன ரூட்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். வைஃபை 6 கேட்டது வேகத்துக்காக இல்லை. பல கருவிகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது ஒரு சேனலைச் சிறு பங்குகளாக்கிப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. வைஃபை 7-உம் கடையில் இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் புரிந்துகொள்ளும் போன் ஒன்றுகூட இல்லை. வைஃபை 6-இல் ஏஎக்ஸ் 1500 என்ற வகையில் ஒன்றை வாங்கினேன்.

ரிப்பீட்டர் ஒன்று போதுமே என்று கடைக்காரர் சொன்னார். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதை அதே சேனலில் திரும்பச் சொல்வது. ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை ஒலிப்பதால் வேகம் பாதியாகும். பல வைஃபை பெட்டிகளை ஒரே வலையாகச் சேர்க்கும் மெஷ்ஷும் கேபிள் இல்லாவிட்டால் எங்கள் சுவர்களைத் தாண்டித்தான் தனக்குள் பேசிக்கொள்ள வேண்டும். நீள வீட்டுக்குக் கேபிள்தான் சரி என்று எனக்குப் பட்டது. பதினெட்டு மீட்டர் கேட் 6 வகைக் கேபிள் வாங்கினோம்.

ஞாயிறு காலை எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்து, பட்டாசலிலிருந்து இரண்டாங்கட்டு வரை உத்தரத்தை ஒட்டி இழுத்துக் கொடுத்தார். ஓஎன்டியில் நான்கு வாய்கள் இருந்தாலும் ஒன்றுதான் கிகாபிட், அதில் செருகினோம். புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைத்து, நெல் அறையை ஒட்டிய சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினோம். நிறுவனத்திடம் கேட்டு ஓஎன்டியை, வருவதை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் ஆக்கி, புது ரூட்டரே உள்நுழைவு செய்கிற மாதிரியும் வைக்கலாம். அதற்குப் பயனர் பெயர், கடவுச்சொல், சில இடங்களில் விலேன் என்று நிறுவனம் வைத்திருக்கும் ஓர் எண்ணும் வேண்டும், அவர்கள் ஒத்துழைப்பும் வேண்டும். ஆக்சஸ் பாயின்டுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வேகம் சோதித்தேன். 94. மறுபடியும் 94. இந்த எண் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் தரவோடு கூடவே போகும் முகவரி போன்ற துணைத் தகவல்களின் பங்கு போக நடைமுறையில் மிஞ்சுவது அவ்வளவுதான். ரூட்டரின் பக்கத்தில் பார்த்தால் கேபிள் இணைப்பு 100 என்றே காட்டியது. வாய்கள் இரண்டும் கிகாபிட், நடுவில் இருப்பது கேபிள் மட்டும். அண்ணாச்சி முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு: வரிசை சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பழுப்பு இழை முனை வரை போகாமல் ஒரு நெல்மணி நீளம் உள்ளேயே நின்றிருந்தது. நூறுக்கு இரண்டு ஜோடி இழைகள் போதும். ஆயிரத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். ஒன்று தொடாவிட்டால் கருவிகள் சத்தம் போடாமல் நூறுக்கு இறங்கிவிடுகின்றன. வெட்டிவிட்டுப் புது முனை வைத்து அழுத்தினார். இணைப்பு 1000 ஆனது, வேகம் 152.

புகார் கொடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைகளின்படி அந்த எண்ணைக் கொடுக்க நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது. தீர்க்காமலேயே முடித்துவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகவும் வழி இருக்கிறது. நான் மேல்முறையீடு வரை போகவில்லை. என் மூன்று புகார் எண்களும் நோட்டின் பின்னட்டையில் இருக்கின்றன.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி. பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அத்தை இன்னமும் அதை மெதுவாகத்தான் திறக்கிறார், வேண்டாமென்று சொன்னாலும் கேட்பதில்லை. அன்று 6.40-க்குத் திறந்துவிட்டு, நெல் அறை வாசலில் வந்து எட்டிப்பார்த்து, "ஓடுகிறதா?" என்று கையால் கேட்டார். தலையாட்டினேன். கோயிலுக்குப் போனார். மஸ்கட்டில் அப்போது மாலை 5.10. வர்க்கப் பூர்த்தியை மறுபடியும் முதலிலிருந்து எழுதினேன். x-இன் கெழுவைப் பாதியாக்கி வர்க்கப்படுத்துகிற வரியில் வேண்டுமென்றே நிறுத்தி, காத்திருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள் குரல் வந்தது.

"மிஸ், எதற்காகப் பாதியாக்குகிறோம்?"